ஆறுபடை வீடு போக எந்தப் பை? மொரீஷியஸிலிருந்து புறப்படுவோருக்கு ஓர் ஒப்பீடு

ஆறுபடை வீட்டுக்குப் போவதென்று முடிவானதும் வீட்டில் முதலில் கீழே இறங்குவது அலமாரி மேல் கிடக்கும் பெரிய வலீஸ் பெட்டிதான். டிக்கெட்டில் 23 கிலோ போட்டிருக்கிறது, அதை ஏன் வீணாக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அதற்குள் போகத் தொடங்கும். பிளேசான்ஸ் விமான நிலையத்தில் அந்தப் பெட்டியை ஒப்படைக்கும் வரை சிரமம் தெரியாது. தமிழ்நாட்டில் இறங்கிய பிறகு 12, 15 நாள் அதை வேனில் ஏற்றுவதும் இறக்குவதும், லிஃப்ட் இல்லாத லாட்ஜில் இரண்டு மாடி தூக்குவதும் உங்கள் கை.

வழி மூன்று இருக்கிறது. போக வர எல்லாமே 7 கிலோ கைப்பையில் முடிப்பது ஒன்று. 23 கிலோ பெட்டியோடு போவது இன்னொன்று. மூன்றாவது, கைப்பையோடு போய், அதற்குள் மடித்து வைத்த காலிப் பையைத் திரும்பும்போது விரித்து நிரப்பி வருவது. பெரும்பாலானோருக்கு மூன்றாவதே சரி என்பது எங்கள் தீர்மானம். பெரிய பெட்டி யாருக்குத் தேவைப்படும் என்பதையும் பின்னால் சொல்கிறோம்.

டிக்கெட்டில் இருக்கும் எடையும் வழியில் இருக்கும் எடையும்

டிக்கெட்டில் எடை இரண்டு விதமாக எழுதியிருக்கும். 1PC என்பது போல் இருந்தால் பெட்டிக் கணக்கு: ஒரு பெட்டி, அதற்கென்று குறித்த எடை, இரண்டு சிறு பெட்டியாகப் பிரிக்க முடியாது. 30K என்பது போல் இருந்தால் கிலோ கணக்கு: மொத்த எடைதான் பார்ப்பார்கள். திரும்பி வரும்போது பையைப் பிரிக்க நினைப்பவர்கள் இதைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மும்பை வழியாகச் சென்னை போகிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்தியாவில் எந்த ஊரில் முதலில் இறங்குகிறோமோ அங்கேதான் இமிகிரேஷனும் சுங்கமும். பெட்டியில் சென்னை என்று சீட்டு ஒட்டியிருந்தாலும், மும்பை பெல்ட்டில் காத்திருந்து எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரமே இருந்தால் அங்கேதான் வயிற்றைக் கலக்கும். கைப்பைக்காரருக்கு இந்த வேலையே இல்லை, நேரே நடக்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் உள்நாட்டு எடை. சென்னையிலிருந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ தனியாக டிக்கெட் வாங்கினால், சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 15 கிலோதான் தருவார்கள். 23 கிலோ நிரப்பிய பெட்டி அங்கே 8 கிலோ கூடுதல் ஆகிவிடும், கிலோவுக்கு இவ்வளவு என்று கவுன்ட்டரில் கட்ட வேண்டும். எல்லாப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் வெளிநாட்டு அளவே பொருந்துவது வழக்கம். அதை வாங்கும்போதே கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பைக்கு இந்திய உள்நாட்டு விமானங்களில் ஒரே பை, 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ.

ரயிலில் எடைத் தொல்லை இல்லை. படுக்கை வகுப்பிலேயே ஆளுக்கு 40 கிலோ இலவசம். தொல்லை இடம்தான். கீழ்ப் படுக்கைக்கு அடியில் மற்றவர் பெட்டியும் வரும், உயரமான பெரிய வலீஸ் அங்கே நுழையாமல் நடைபாதையில் நிற்கும். வேனும் அப்படித்தான். 12 பேர் உட்காரும் டெம்போ டிராவலரின் பின்பக்கத்தில் 12 பெரிய பெட்டி அடங்காது. மீதி கூரைக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் தார்ப்பாயின் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் துணி முழுக்க நனைந்துவிடும். துணிப்பை என்றால் அமுக்கி அமுக்கி எல்லாமே உள்ளே போகும்.

உருளும் பெட்டியா, முதுகுப் பையா

7 கிலோவுக்குள் போவது என்றால் இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கைப்பை அளவில் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே 2.5 முதல் 3 கிலோ வரும். 40 லிட்டர் முதுகுப் பை 1 முதல் 1.3 கிலோ. ஓர் ஆணுக்கு 14 நாள் கணக்கு இப்படி வரும்:

எட்டு முழ வேட்டி ஒன்று, 450 கிராம். நாலு முழ வேட்டி இரண்டு, 500. அரைக்கைச் சட்டை மூன்று, 600. ஈரோட்டு மெல்லிய துண்டு இரண்டு, 300. உள்ளாடை நாலு செட், 400. மெல்லிய போர்வை, 400. சோப்பு, பல்பொடி, சவரச் சாமான் எல்லாம் சேர்த்து 600. மருந்து 300. சார்ஜரும் பவர் பேங்கும் 450. பாட்டுப் புத்தகமும் விபூதிப் பையும் 200. மடிக்கும் காலிப் பை 350. ஈரத்துணிப் பை, கயிறு, கிளிப் 150. பாஸ்போர்ட்டும் காகிதங்களும் 200. இது 4.9 கிலோ. முதுகுப் பையின் 1.2 கிலோவைச் சேர்த்தால் 6.1. அதே சாமானை 2.8 கிலோ பெட்டியில் வைத்தால் 7.7, கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பெண்களுக்குத் துணி எடை கூடும். பருத்திப் புடவை இரண்டு, பூனம் மாதிரிச் செயற்கை நூல் புடவை ஒன்று, சுடிதார் ஒரு செட், பாவாடை இரண்டு, ரவிக்கை மூன்று என்று வைத்தால் ஆண்கள் துணியைவிட 850 கிராம் அதிகம். 7 கிலோவை முட்டும். போர்வையை விட்டுவிட்டால் 6.5 ஆகும். ஏ.சி. பெட்டிகளில் போர்வையும் தலையணையும் ரயில்வேயே தருகிறது, படுக்கை வகுப்பில்தான் தருவதில்லை. ஆகவே ரயில் வகுப்பை முடிவு செய்த பிறகு போர்வையை முடிவு செய்யுங்கள். சுவாமி முன்னால் பட்டுப்புடவையில் நிற்க வேண்டும் என்று ஆசை இருந்தால், அது நியாயமான ஆசைதான். ஒரு பட்டுப்புடவை 800 கிராம் இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு பருத்திப் புடவையை எடுத்துவிட்டால் கணக்கு நிற்கிறது.

சக்கரம் வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லவில்லை. முதுகுவலி, தோள்வலி உள்ளவர்கள் முதுகுப் பையைச் சுமக்கக் கூடாது. அவர்களுக்கு இரண்டு சக்கர இலேசான துணிப்பெட்டி நல்லது. நாலு சிறு சக்கரம் உள்ளது விமான நிலையத் தரையில் மட்டுமே ஓடும், கோயில் தெருவின் கல்லிலும் மணலிலும் சக்கரம் கழன்றுவிடும்.

துணியில் எதை விடுவது

ஆறு வீட்டுக்கு ஆறு வேட்டி என்று கணக்குப் போடுவதுதான் பெட்டியைக் கனக்க வைக்கிறது. மூன்று போதும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில். இது நடக்க வேண்டுமானால் இரவில் துவைத்தது காலையில் காய வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. அலசிய வேட்டியை நீளவாக்கில் நாலாக மடித்துப் பிழியுங்கள். பிறகு காய்ந்த துண்டைக் கட்டிலில் விரித்து, அதன்மேல் வேட்டியை வைத்துப் பாய் சுருட்டுவது போல் இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை முழங்காலில் மிதித்து மறுமுனையைத் திருகுங்கள். வேட்டியில் இருந்த நீரில் பெரும்பகுதி துண்டுக்கு வந்துவிடும். விரித்து, மின்விசிறிக்குக் கீழே கயிற்றில் ஒற்றை மடிப்பாகப் போட்டால், மழையில்லாத மாதங்களில் நாலு முழம் ஐந்தாறு மணி நேரத்தில் காய்ந்துவிடும். டர்க்கி டவலில் இது நடக்காது. அரைக் கிலோ எடை, காய இரண்டு நாள். அதை வீட்டிலேயே விடுங்கள்.

பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா? கலப்பு வேட்டி எடை குறைவு, சீக்கிரம் காயும், கசங்காது. கந்த சஷ்டி சமயத்தில் போகிறவர்களுக்கு அது கவர்ச்சியாகத் தெரியும், அப்போது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆனாலும் சன்னிதிக்குள் பருத்தியைத்தான் சொல்வோம். விளக்கும் கற்பூரத் தட்டும் நெரிசலும் சேர்ந்த இடம் அது. பருத்தியில் பொறி பட்டால் கருகும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

திருச்செந்தூர்க் கடலுக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. கடலில் நனைந்த பருத்திப் புடவை கல்லாய்க் கனக்கும், அலையில் காலைச் சுற்றும். பெண்களுக்குச் சுடிதாரோ பூனம் புடவையோ நல்லது. கடலில் நீராடி நாழிக் கிணற்றில் குளித்த பிறகு, உப்பும் மணலும் ஏறிய துணியைத் தனிப் பையில் கட்டி, அறைக்குப் போனவுடன் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் அங்கே கோயிலுக்குள் போக வேண்டும். துண்டு ஒன்று இடுப்பில் இருக்கட்டும்.

வேட்டி கட்டிப் பழகாத பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி வாங்கித் தருகிறார்கள். இடுப்பில் நிற்கும், பையும் வைத்திருக்கும். குறை என்னவென்றால், ஒட்டும் பட்டையில் நூலும் முடியும் சேர்ந்தால் பிடிப்பு விட்டுவிடும், துவைக்கும்போது பட்டையை மூடி வைக்காவிட்டால் மற்றத் துணியைப் பிய்க்கும். சாதா வேட்டியின் மேல் பணப்பை வைத்த அகலமான துணிப் பெல்ட் கட்டுவது அதைவிட நல்லது. பழனி அடிவாரத்தில் கடைக்குக் கடை தொங்கும், இங்கிருந்து சுமக்க வேண்டியதில்லை.

நம் ஊர்க் காவடிக்கு உடுத்தும் ரோஜா நிற வேட்டியைக் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்பார்கள். தாராளமாக. பழனியில் பச்சையும் காவியுமே கண்ணில் படும், ரோஜா நிறத்தை யாரும் தடுக்க மாட்டார்கள். அங்கே புதிதாகப் பச்சை வேட்டி வாங்கினால் முதல் இரண்டு தடவை தனியாகத் துவையுங்கள். சாயம் கழன்று, ஈரப் பையில் கூட இருந்த வெள்ளை வேட்டி எல்லாம் பச்சையாகும்.

கியூர்ப்பிப், வக்கோவா பக்கத்துக்காரர்கள் ஜூலை, ஆகஸ்டில் புறப்படும்போது ஸ்வெட்டரோடு வருவார்கள். அதை உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள், விமானத்துக்கும் ஏ.சி. ரயிலுக்கும் ஒன்று போதும். கால்சட்டையும் அப்படியே, ஒன்று, உடம்பில்.

காலுக்கு

வார் வைத்த ரப்பர்ச் செருப்பு ஒரு ஜோடி. அவ்வளவுதான். கயிறு கட்டும் ஷூவை ஆறு வீட்டிலும், மீனாட்சியம்மன் கோயிலிலும், வழியில் உள்ள மற்றக் கோயில்களிலும் கழற்றி மாட்ட முடியாது. செருப்பு வைக்குமிடத்தில் தொலைந்தாலும் மனசு உடையாது.

சுவாமிமலையில் 60 படி, திருத்தணியில் 365, பழனியில் 693. கோர் தெ கார்ட் மலைக்கோவில் ஏறிப் பழகிய காலுக்கு ஏற்றம் பெரிதில்லை. வெயிலில் சுட்ட கருங்கல்தான் கஷ்டம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நம்மிடையே நிறைய, அவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் ஏறுங்கள். பழனியில் விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. தினமும் இரவில் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். கிருமிநாசினிக் களிம்பு, பஞ்சு, ஒட்டுப் பட்டை மூன்றும் மருந்துப் பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை, எடை குறைக்க இவற்றைத் தொடாதீர்கள்.

மருந்து எப்போதும் கைப்பையில், அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டின் பிரதியோடு. நாள் கணக்குக்கு மேல் மூன்று நாள் கூடுதலாக. இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, உறைந்தால் பயன்படாது.

சின்னச் சாமான்

நம் வீட்டில் இருக்கும் சதுரக் கால் மூன்று உள்ள சார்ஜர் அங்கே நுழையாது. உருண்டைக் கால் இரண்டு உள்ளது நுழையும். அதையே எடுத்தால் அடாப்டர் வேண்டியதில்லை. மின்சாரம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 10,000 எம்.ஏ.எச். உள்ளது 37 வாட் மணி, 100-க்கு வெகு கீழே, தடையில்லை. திரவம் எதுவும் 100 மி.லி. டப்பாவுக்கு மேல் கைப்பையில் கூடாது. தேங்காய் எண்ணெய், ஷாம்பு எல்லாம் அங்கே சிறு பாக்கெட்டாகப் பெட்டிக்கடையிலேயே தொங்குகிறது. மொட்டை போடும் வேண்டுதல் உள்ளவருக்குச் சீப்பும் ஷாம்பும் எதற்கு? மொட்டைத் தலை வெயிலில் சீக்கிரம் காந்தும், இரண்டாவது துண்டு அதற்கு உதவும்.

செல்போனுக்கு உறை, கழுத்துப் பட்டை, கேமரா என்று சேர்க்காதீர்கள். பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் செல்போனுக்குத் தடை. திருச்செந்தூரிலும் மதுரை மீனாட்சியிலும் உள்ளே கொண்டுபோக முடியாது. கொடுத்துவிட்டுப் போகும் இடத்தில் வரிசை உண்டு, குடும்பத்துக்கு ஒரு போன் மட்டும் வெளியே எடுத்தால் போதும்.

பூஜைச் சாமானை இங்கிருந்து சுமப்பது வீண், சிலது ஆபத்தும்கூட. கற்பூரம் தீப்பற்றும் பொருள், கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறக்கூடியது என்பதால் அதையும் எடுத்துவிடுவார்கள். வேல், அலகு போன்ற கூரானவை கைப்பையில் போகாது. காவடி எடுக்கும் வேண்டுதல் இருந்தால் பழனி அடிவாரத்தில் வாடகைக்குக் காவடி கிடைக்கும்.

திரும்பும் எடை

முழுக்கக் கைப்பை என்ற முதல் வழி தோற்பது இங்கேதான், அதுவும் ஒரே ஒரு பொருளால்: பஞ்சாமிர்தம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தம் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் சேர்ந்த குழைவான பண்டம். பாதுகாப்புச் சோதனையில் அது திரவக் கணக்கு. அரைக் கிலோ டப்பாவைக் கைப்பையில் வைத்தால் சோதனை மேசையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். பிரசாதத்தை அப்படி விட்டு வருவதைப் போல் மனவருத்தம் வேறில்லை. வீட்டுக்கும் அண்டை அயலாருக்கும் கோயிலுக்கும் பிரசாதம் கொண்டுவராத யாத்திரையை நம் மக்கள் யாத்திரையாகவே நினைப்பதில்லை. ஆகவே திரும்பும்போது ஒப்படைக்கும் பை ஒன்று வேண்டும். போகும்போது அது 350 கிராம் துணியாக மடிந்து கிடக்கட்டும்.

அதற்கேற்ப வழியையும் அமைத்துக்கொள்ளலாம். சென்னையில் இறங்கியவுடன் திருத்தணிக்கு ஓடாமல், சுவாமிமலை, திருச்செந்தூர், மதுரையில் தங்கித் திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும், பிறகு பழனி, சென்னை திரும்பிக் கடைசியாகத் திருத்தணி என்று போனால், கனமான சாமான் கடைசி மூன்று நாளில்தான் சேரும். துணியும் பித்தளையும் தி.நகரிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் வாங்கலாம். ஒரே விதிவிலக்கு மதுரைச் சுங்குடிப் புடவை. இலேசானது, அங்கேயே வாங்குங்கள். பழனியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வாருங்கள், விமானத்தில் வந்தால் அந்த 15 கிலோ கணக்கு மறுபடி வரும்.

வாங்கக் கூடாதவை சில. மயில்தோகையை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுவரத் தடை உண்டு. காவடிக்கென்று அடிவாரத்தில் கட்டுக் கட்டாக விற்பார்கள், ஆசைப்பட வேண்டாம். விக்கிரகம் வாங்கினால் புதிது என்பதற்குக் கடை ரசீது வேண்டும், 100 ஆண்டுக்கு மேற்பட்ட பழஞ்சிலைகளை வெளியே எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. மாலை, வில்வம், துளசி, எலுமிச்சை, விதைகள் எதுவும் முன் அனுமதி இல்லாமல் மொரீஷியஸுக்குள் வராது. பிளேசான்ஸில் எடுத்துவிடுவார்கள்.

பெரிய பெட்டி யாருக்கு

கைக்குழந்தையோடு போகிறவர்கள் 7 கிலோவுக்கு முயல வேண்டாம். குழந்தையின் துணி ஈரமானால் இரவு வரை காத்திருக்க முடியாது. கோயில் கும்பாபிஷேகத்துக்கென்று விக்கிரக அலங்காரம், மணி, திருவாசி வாங்கப் பட்டியலோடு போகும் நிர்வாகிகளுக்கும் கெட்டிப் பெட்டிதான் வேண்டும், துணிப்பையில் பித்தளை நெளியும். ஒரே ஊரில், உறவினர் வீட்டில் தங்கி, தினம் போய் வருகிறவர்களுக்கும் தடையில்லை. இவர்கள்கூடச் சென்னை லாட்ஜின் சாமான் அறையில் பெட்டியைச் சீட்டுப் பெற்று வைத்துவிட்டு, சிறு பையோடு தெற்கே போய் வரலாம். அறை திரும்பவும் அங்கேதான் என்று சொன்னால் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். முதியவர்கள் இருவர் சேர்ந்து போனால், ஆளுக்கு ஒரு பெட்டிக்குப் பதில் இருவருக்கும் சேர்த்து 12, 13 கிலோவில் நடுத்தரப் பெட்டி ஒன்று போதும்.

கடைசி இரவு காலிப் பையை நிரப்பும் முறை: அடியில் துவைத்த துணி ஓர் அடுக்கு. குத்துவிளக்கைத் தண்டு, அடி, அகல் என்று மரை திருகித் தனித்தனியாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி ஓரங்களில் நிறுத்துங்கள். பஞ்சாமிர்த டப்பாக்களின் மூடியைச் சுற்றி ஒட்டுப் பட்டை இரண்டு சுற்று, பிறகு இரட்டைப் பிளாஸ்டிக் உறை, உறையின் வாயில் முடிச்சு. டப்பாக்கள் பையின் நடுவில், நிமிர்ந்த வாக்கில். அவற்றுக்கு இடையே அசைவு இருக்கக் கூடாது. இடைவெளியை அடைக்க, பழனிப் படி ஏறியபோது உடுத்தியிருந்த எட்டு முழ வேட்டியை நீளமாகத் திரித்துச் சுற்றிவிட்டால் சரியாகப் பொருந்தும்.